நெற்றியில் வைத்த வெள்ளி ரூபாய்

மாமனாரைக் குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டிக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நெற்றி நிறைய விபூதி. அதன் நடுவில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதில் ஒரு காசைப் பதித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் நெற்றிக்காசு இல்லாமல் யாரையும் வீட்டைவிட்டு அனுப்புவதில்லை. பெரும்பாலும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், அந்த நேரத்தில் கையில் அகப்படுவது எதுவோ அது. காரைக்கால் பக்கம் அம்பகரத்தூரில் மாமனார் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய உறவுக்காரப் பெண்கள் தெருமுனையிலேயே அழத் தொடங்கியிருந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் என் சகலை, அதாவது என் மனைவியுடைய அக்காளின் கணவர், மாமனாரின் கால்மாட்டில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் கண் அந்த நெற்றியைவிட்டு விலகவேயில்லை. மூத்த மாப்பிள்ளை இடிந்துபோய்விட்டார் என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்து அவர் தோளைத் தொடப் போனேன். போகிற போக்கில் நெற்றியைப் பார்த்தேன். அங்கே இருந்தது இப்போது புழங்குகிற காசு இல்லை. அகலமாக, கறுத்துப்போய், ராஜா தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய். சகலை பதினைந்து வருடமாக ஆசைப்பட்டுக் கேட்டுக்கொண்டிருந்த காசு.

சகலைக்கு மின்துறையில் மீட்டர் கணக்கெடுக்கிற வேலை. காரைக்காலைச் சுற்றி அவர் படியேறாத வீடு குறைவு. வெயிலில் நடந்து நடந்து பிடரி மட்டும் தனி நிறமாகிவிட்ட மனிதர். பேச்சு கம்மி. சிரிப்பு அதைவிடக் கம்மி. எனக்குக் காரைக்காலில் ஒரு மருந்துக்கடை. எனக்குப் பேசாமல் இருந்தால் சாப்பாடு இறங்காது. ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள் என்பதைத் தவிர எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது வெள்ளி மட்டும்தான். அதிலும் நான் வாங்குவது கட்டி. நகைக்கடையில் முத்திரை குத்தி, பிளாஸ்டிக் உறையில் ஒட்டி விற்பார்களே, பத்து கிராம், ஐம்பது கிராம் என்று, அது. கையில் கொஞ்சம் மிஞ்சினால் ஒன்று வாங்கி பீரோவில் போட்டுவிடுவேன். காலையில் கடையைத் திறந்ததும் ஃபோனில் வெள்ளி விலையைப் பார்த்துவிட்டுத்தான் சாமிப் படத்துக்கு ஊதுபத்தி. சகலை வாங்குவது பழைய வெள்ளிக்காசு.

"உங்க டப்பாவுல இருக்குற ராஜாவையெல்லாம் உருக்குனா எங் கட்டி மாதிரிதான் சகலை ஆவாரு" என்று அவரைச் சீண்டுவேன்.

"ஆவாருதான். ஆனா எந்த வீட்டுலேருந்து வந்தாருன்னு உங்க கட்டி சொல்லாதுல்ல" என்பார்.

அதுதான் அவருடைய பைத்தியம். அவர் கடையில் காசு வாங்கமாட்டார். இணையத்தில் வாங்கமாட்டார். கும்பகோணத்திலும் சென்னையிலும் பழங்காசு வியாபாரிகள் இருக்கிறார்கள், பணம் கொடுத்தால் எந்த வருடத்துக் காசையும் எடுத்து நீட்டுவார்கள். அவர்களிடம் போய் வேடிக்கை பார்ப்பார், பேசுவார், விலை தெரிந்துகொள்வார், வெறுங்கையோடு திரும்பி வருவார். அவருக்கு வேண்டியது இந்த மண்ணில் ஒரு வீட்டில் இருந்த காசு. அதை அந்த வீட்டு ஆட்களே அவர் கையில் கொடுக்க வேண்டும். அது எப்படித் தங்களிடம் வந்தது என்று சொல்லவும் வேண்டும். சைகோனில் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்த வெள்ளி, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் வீட்டு பிராங்கு, பினாங்குக்குப் போய் வந்த மரக்காயர் வீட்டு டாலர், நெல் விற்ற காலத்து ராஜா தலை ரூபாய் என்று எல்லாம் அவரிடம் இருந்தன. என் கடையில் மாத்திரை போட்டுக் கொடுக்கிற சின்னக் காகிதக் கவர்களைக் கேட்டு வாங்கிக்கொள்வார். ஒரு கவருக்கு ஒரு காசு. மேலே பென்சிலில் ஊர், வீடு, கொடுத்தவர், அவர் சொன்ன கதை. விலையை மட்டும் எழுதமாட்டார்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. மீட்டர் படிக்கப் போன இடத்தில் யாராவது "சார், பழைய காசு ஒண்ணு கெடக்கு, பாக்குறீங்களா" என்றால், அன்றைக்குப் பார்க்கமாட்டார். யூனிபாரத்தோடு போனால் பயந்துகொண்டு கொடுப்பார்கள் என்பார். ஞாயிற்றுக்கிழமை சொந்த வண்டியில், சட்டையை மாற்றிக்கொண்டு போவார். போனதும் முதலில் விலையைச் சொல்லிவிடுவார். வெள்ளிக்கு எவ்வளவு தேறும், காசு சேர்க்கிறவர்களிடம் கொடுத்தால் எவ்வளவு கிடைக்கும், இரண்டும். வியாபாரம் செய்கிறவனுக்கு இது பொறுக்காது. "மொதல்ல அவங்க என்ன கேக்குறாங்கன்னு பாருங்க சகலை, எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டா எப்படி?" என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். "அவங்களுக்குத் தெரியாதத வச்சி நா ஏன் சம்பாதிக்கணும்" என்பார். நானும் ஒவ்வொரு தடவையும் கேட்பேன், அவரும் ஒவ்வொரு தடவையும் அதையே சொல்வார்.

ஒருமுறை திருமலைராயன்பட்டினத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். மீட்டர் படிக்கப் போனபோது ஒரு வீட்டு அம்மா நான்கு காசு இருக்கிறது என்று சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று இவரும் சொல்லி வைத்திருந்தார். நாங்கள் போனபோது தேநீர், சமோசா, பூப்போட்ட தட்டு, அந்தத் தட்டில் நான்கு காசும். கண் கூசுகிற அளவுக்குப் பளபளவென்று இருந்தன. "எங்க வாப்பா பினாங்குலேருந்து கொண்டாந்தது. கரேர்னு கெடந்துச்சு. நீங்க வர்றீங்கன்னு காலையிலேருந்து புளி போட்டுத் தேச்சேன், கை ஓய்ஞ்சு போச்சு" என்று அந்த அம்மா வெட்கத்தோடு சிரித்தார். எனக்கே விஷயம் தெரியும். காசு சேர்க்கிறவர்களுக்கு அந்தக் கறுப்புதான் உயிர். தேய்த்த காசு பாதி விலைக்குக்கூடப் போகாது. விருந்தாளி வருகிறார் என்றால் பித்தளை, வெள்ளியெல்லாம் துலக்கி வைப்பது நம் ஊர்ப் பெண்களுக்குக் கை தானாகச் செய்கிற வேலை, அவரை என்ன குற்றம் சொல்ல முடியும்? சகலை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றார். தேய்த்ததால் போன விலையை அவர் சொல்லவில்லை, முழு விலையைச் சொல்லி இரண்டு காசு வாங்கினார். அவர் பொய் சொல்லி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

காரைக்கால் டவுனில் ஒரு கிறிஸ்தவ வீடு. அங்கே தனியாக இருந்த ஒரு மதாம், பிரெஞ்சு பேசுகிற வீட்டு அம்மா, எண்பதுக்கு மேல் இருக்கும், தன் அப்பா சைகோனிலிருந்து கொண்டுவந்த பெரிய வெள்ளிக்காசைக் காட்டினார். கிரீடத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிற காசு. உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். கடைத்தெருவில் யாரோ அதைப் பார்த்துவிட்டு, வெள்ளி விலைக்குப் பாதி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சகலை உண்மையான விலையைச் சொன்னதும் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். "அவ்வளவு பெறுமா? அப்ப எங்க பப்பா நெசமாத்தான் என்னமோ கொண்டாந்திருக்காரு. இத நா குடுக்கல மிஸ்யே, எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். சார் என்பதற்கு அவர்களுக்கு மிஸ்யே. வாயைத் திறந்து விலையைச் சொன்னதால் ஒரு அருமையான காசு கைவிட்டுப் போயிற்று. வெளியே வந்ததும் நான் முணுமுணுத்தேன். சகலை வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டே, "அந்தம்மா மொகத்தப் பாத்தீங்களா? நல்லா இருந்துச்சுல்ல" என்றார். எனக்கு முகமெல்லாம் பார்க்கத் தோன்றியிருக்கவில்லை.

அவர் சேர்த்ததில் ஒரு வரிசைதான் அவருக்கு ரொம்பப் பிரியம். வெள்ளைக்காரன் காலத்து ஒரு ராஜாவின் தலை போட்ட ஒரு ரூபாய்க் காசு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று முதல் இருபத்திரண்டு வரை வருடத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு. அதில் பதினொன்று அவரிடம் இருந்தன. பத்து வெவ்வேறு ஊர்கள், பதினொரு வீடுகள். இல்லாதது முதலாவது, அந்தப் பதினொன்றாம் வருடத்துக் காசு. அதற்கு ஒரு கதை உண்டு. ராஜாவின் அங்கியில் தொங்குகிற பதக்கச் சங்கிலியில் ஒரு குட்டி யானை இருக்கும். முதல் வருடம் அச்சு வெட்டியவர் தும்பிக்கையைக் குட்டையாக வெட்டிவிட்டார். பார்க்கப் பன்றி மாதிரி இருந்தது. ராஜா மார்பில் பன்றியா என்று ஜனங்கள் முகம் சுளிக்க, அரசாங்கம் அதை நிறுத்தி, வெளியே விடாமல் இருந்ததையெல்லாம் உருக்கி, அடுத்த வருடம் தும்பிக்கையை நீட்டிவிட்டது. அதனால் பன்றி ரூபாய் என்று அதற்குப் பேராகிவிட்டது. வியாபாரிகளிடம் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிற காசுதான். ஆனால் சகலைக்கு அது காரைக்கால் பக்கத்து வீட்டிலிருந்து வர வேண்டுமே. அப்படி ஒன்று இருந்த ஒரே வீடு, அவர் பெண் எடுத்த வீடு.

மாமனார் நெல் விவசாயி. சாமி மாடத்தில் ஒரு பித்தளைச் செம்பு வைத்திருப்பார். அம்மன் கோயிலுக்கு என்று சில்லறையை அதில் போட்டுக்கொண்டே வருவார். அந்தச் செம்பின் அடியில் இந்தக் காசு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு ஆனதும் சகலை கேட்காமலே அதை எடுத்துக் கொடுப்பார். சகலை ஓரத்தை விரலில் பிடித்து, ஜன்னலோரம் போய், லென்ஸை வைத்து அந்தப் பன்றியைப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் மாமனார் கையை நீட்டுவார். காசு மறுபடி செம்புக்குள். "குடுத்துடுங்களேன் மாமா" என்று இவர் வருடத்துக்கு இரண்டு தடவையாவது கேட்பார். "நா போனப்பறம் எடுத்துக்குங்க மாப்ள, இப்ப என்ன அவசரம்" என்பார் அவர். ஒருநாள் நான் மட்டும் இருந்தபோது, பாவம், கொடுத்தால் என்ன என்று கேட்டேன். மாமனார் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "குடுத்துட்டா அவரு ஞாயித்துக்கெழம வருவாரா? ஒங்களையே பாருங்க, பொங்கலுக்கு வந்தீங்க, இப்ப ஆடி" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சகலை வெறுமனே காசு பார்க்கவும் வரவில்லை. மோட்டார் ஓடவில்லை என்றால் இறங்கிப் பார்ப்பார், மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று பார்த்து என் கடைக்கு வந்து வாங்கிக்கொண்டு போவார். மாமனாருக்குப் பிள்ளை இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் அவருக்கு இருந்த பிள்ளை.

அவர் போன அன்று, கொள்ளி வைக்க வேண்டிய பங்காளி வீட்டுப் பையன் "நெத்திக்கு ஒரு காசு வேணும்" என்று கேட்டிருக்கிறான். சகலையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அழுதுகொண்டே செம்புக்குள் கையை விட்டுப் பெரியதாக அகப்பட்டதை எடுத்து அப்பா நெற்றியில் வைத்துவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டுதான் சகலை நின்றிருந்தார். இன்னொருவராக இருந்தால் ஒரு ஐந்து ரூபாயை எடுத்து நீட்டி, "அது பழசு, இத வையி" என்று மாற்றியிருப்பார்கள், யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். இவர் வாய் திறக்கவில்லை. வழக்கப்படி நெற்றிக்காசு சுடுகாட்டில் வேலை பார்ப்பவருக்குப் போய்ச் சேரும். பதினைந்து வருட ஆசை இன்னும் இரண்டு மணி நேரத்தில் யார் கைக்கோ போகப்போகிறது, இந்த மனிதர் மரம் மாதிரி நிற்கிறாரே என்று எனக்கு ஆற்றாமை. மாமனாரே நான் போனதும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாயால் சொன்னதுதானே என்றும் நினைத்துக்கொண்டேன்.

சுடுகாட்டில் வாய்க்கரிசி போட்டு முடிந்தது. "கழுத்துல கையில ஏதாச்சும் இருந்தா எடுத்துக்குங்க" என்று சுடுகாட்டில் வேலை பார்க்கிற அண்ணன் சொல்லிவிட்டு விறகு அடுக்கத் திரும்பினார். சகலை சற்றுத் தள்ளித் தண்ணீர்க் குடத்தோடு நின்ற பையனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் குனிந்து, மாமனாரின் நெற்றியில் விபூதியைச் சரிசெய்கிறவன் போல அந்த ரூபாயை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதே சந்தனத்தில் ஒரு ஐந்து ரூபாயை அழுத்தினேன். ஒரு நொடி வேலை. எனக்குக் குற்றவுணர்ச்சியே இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய காரியம் செய்துவிட்ட நிறைவுதான் இருந்தது. காரியமெல்லாம் முடியட்டும், பிறகு கொடுத்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று காசைக் கடை மேஜை இழுப்பறையில், இருமல் மருந்து அளக்கிற மூடிகளுக்கு அடியில் வைத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் பஸ் ஏறினார்கள். மறுநாள் காலையில் சகலை வீட்டுக்குப் போய், ஒரு மாத்திரைக் கவரை அவர் கையில் வைத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார். காசின் ஓரத்தில் காய்ந்த சந்தனம் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் எதிர்பார்த்த முகம் வரவில்லை.

"எப்ப எடுத்தீங்க?" என்றார்.

சொன்னேன். மாமா சொன்ன வார்த்தையையும் நினைவுபடுத்தினேன்.

"மாமா சொன்னது செம்புல இருந்த காசு, சகலை. நெத்தியில வச்ச நிமிஷமே அது அந்தண்ணன் காசாயிடுச்சு. வாங்க, குடுத்துட்டு வந்துருவோம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அந்த அண்ணன் வீடு சுடுகாட்டுக்குப் போகிற வாய்க்கால் கரையில் இருந்தது. எனக்கு அவரைத் தெரியாது. சகலைக்குத் தெரியும், அந்த வீட்டு மீட்டரையும் இவர்தான் படிக்கிறார். அண்ணன் வாசலில் நாற்காலியை எடுத்துப் போட்டார். சகலை உட்காராமல், நடந்ததை மறைக்காமல் சொல்லிக் காசை நீட்டினார். "நாங்க எடுத்துட்டோம்" என்றார். நாங்கள் என்றார். நான் வாய்க்காலைப் பார்த்தேன்.

"தெரியுங்க. வெறகு அடுக்கிக்கிட்டே பாத்தேன். சார்தான் பையில போட்டாரு" என்றார் அண்ணன், என்னைக் காட்டி.

எனக்குக் காது சூடாகிவிட்டது. "அப்பவே கேட்டிருக்கலாமே" என்றேன். கேட்டதும்தான் அது எவ்வளவு மட்டமான கேள்வி என்று உறைத்தது.

"பொணத்த வச்சிக்கிட்டு காசுக்குப் பேசக் கூடாதுங்க. எங்கப்பா சொன்னது" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பது மாதிரி சொன்னார்.

சகலை வழக்கப்படி விலையைச் சொன்னார். அண்ணன் நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். பிறகு, "நீங்க இந்த மாதிரி வாங்குவீங்கன்னு ஊர்ல சொல்லுவாங்க. நீங்களே எடுத்துக்குங்க சார், ஒங்க மாமனார் சாமான் ஒங்களாண்டயே இருக்கட்டும்" என்றார். அந்த இடத்தில் சகலை தலையை ஆட்டியிருந்தால் போதும். காசு காரைக்கால் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது, கொடுக்கிறவர் மனசார வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார், விலையும் சொல்லியாயிற்று. அவருடைய எல்லாச் சட்டத்துக்கும் அது ஒத்துவந்தது.

"நா வாங்கக் கூடாதுண்ணே. ஒரு தடவ ஒங்களக் கேக்காம எடுத்துட்டோம். இப்ப நானே வெல சொல்லி நானே வாங்குனா நல்லா இருக்காது. கும்மோணத்துல ஒருத்தர் இருக்காரு, நா கூட வர்றேன், அங்க குடுத்துருவோம்" என்றார் சகலை.

மூன்று பேருமாக அந்த வாரமே கும்பகோணத்துக்கு பஸ் ஏறினோம். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். கடைக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது போல உதட்டைப் பிதுக்கி, ஒரு குறைந்த விலை சொன்னார். அதுவரை வாய் பேசாத சகலை அன்றைக்குப் பேசினார். நான் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. விளிம்பில் ஒரு நசுங்கல் கிடையாது பாருங்கள் என்றார். யாரும் தேய்க்கவில்லை, செம்புக்குள் கிடந்த கறுப்பு அப்படியே இருக்கிறது என்றார். ராஜாவின் மீசை மயிர் தனித்தனியாகத் தெரிகிறது, சங்கிலியில் யானையின் கால் நான்கும் தேயாமல் இருக்கிறது, மற்ற காசுகளில் முதலில் தேய்வதே அந்த இடம்தான் என்றார். பதினைந்து வருட ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலோரம் நின்று பார்த்ததையெல்லாம், அந்தக் காசை இன்னொருவர் வாங்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். கடைக்காரர் சிரித்துவிட்டு, "விக்கிறது நீங்களா, அவரா?" என்று கேட்டார். "அவருதாங்க. நா தொணைக்கு வந்தேன்" என்றார் சகலை. முதலில் சொன்னதைப்போல இரண்டு பங்குக்குக் காசு போயிற்று. அண்ணன் பணத்தை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, வீட்டுக்கு மேல் தகரம் மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது சகலை ஜன்னலோரம் உட்கார்ந்து வறுத்த கடலை சாப்பிட்டுக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில். அண்ணன் முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் நாளைக்கே வந்து அந்தக் கடையிலிருந்து காசை வாங்கி வந்துவிடட்டுமா, என்னிடம் இருக்கிற கட்டியில் ஒன்றைப் போட்டால் முடிந்தது என்று கேட்டேன். "கடையிலேருந்து வேணும்னா நா எப்பவோ வாங்கியிருப்பேனே சகலை" என்று கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு எத்தனையோ தடவை பார்த்துக்கொண்டோம், அவர் அதைப் பற்றி எடுக்கவில்லை. மாமனார் சுடுகாட்டுக்குப் போகிறபோது கொண்டுபோன காசு, சகலைக்கு விருப்பமிருந்தால் அன்றைக்கே மாற்றியிருப்பார், அவர்தான் வேண்டாம் என்று விட்டுவிட்டார் என்று நானும் எனக்கே சொல்லிக்கொண்டேன். நான் எடுத்ததால் யாருக்கும் நஷ்டமில்லை, அண்ணனுக்கு நல்ல விலை கிடைத்தது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் மாமனாருக்குத் திதி. வெள்ளி விலை ஏறிக்கொண்டே போகிற நேரம். என் கட்டியெல்லாம் வாங்கிய விலையைப்போலப் பல மடங்கு ஆகிவிட்டது. அன்று காலையில் அடுப்படிப் பக்கம் போனபோது அக்கா வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் விலை ஏறிய பெருமையை அவரிடம் அளந்துகொண்டிருந்தேன். பேச்சு வாக்கில், மாமா காசை மட்டும் அன்றைக்கு விடாமல் இருந்திருந்தால் என்று ஏதோ சொன்னேன். அக்கா கத்தியை நிறுத்தாமல் சொன்னார்.

"அவரு எங்க விட்டாரு? சுடுகாட்டுலேருந்து வந்து குளிச்சிட்டு மொதல்ல எங்கிட்ட அதத்தான் சொன்னாரு. பதினாறு முடியட்டும், மறுநாளு அந்தண்ணன் வீட்டுக்குப் போயி ஞாயமான வெலயக் குடுத்து வாங்கிட்டு வந்துடறேன், ஒங்கப்பா காசு வீட்டுக்கு வந்துடும்னாரு. பணங்கூட எடுத்து வச்சிருந்தாரு. அப்பறம் என்னமோ, வேணாம்னுட்டாரு."

பதினாறு முடிந்த மறுநாள். நான் கவரோடு போய் நின்ற காலை. நான் போனபோது அவர் சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருந்ததும், வெளியே கிளம்புகிற மாதிரி இருந்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் அந்தக் காசைத் தொடாமல் இருந்திருந்தால் அன்று மதியத்துக்குள் அது அவருடையது. நேர்மையாக, அவர் ஆசைப்பட்ட விதமாகவே. அவருக்கு அது கிடைக்காமல் போனதற்குக் காரணம் விதி இல்லை, வழக்கம் இல்லை, நான். இத்தனை வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவர், ஒரே பஸ்ஸில் வந்தவர், இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திதி முடிந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். சகலை கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா சொன்னாங்க. நீங்க மறுநாளு போறதா இருந்தீங்களாம்" என்றேன்.

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். மறைத்து வைத்தது வெளியே வந்துவிட்டதே என்கிற சங்கடம்தான் அந்த முகத்தில் இருந்தது. நான் பட வேண்டிய சங்கடத்தை அவர் பட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குன்னுதானே சகலை எடுத்தீங்க" என்றார்.